பால் பைத்தானுக்கு எந்த எலி? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பால் பைத்தானின் (ball python, வீட்டில் வளர்க்கப்படும் ஒரு மலைப்பாம்பு வகை) கூண்டு, சூடு, ஈரப்பதம் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றித்தான். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மகன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் ஒரு பால் பைத்தான் குட்டி வாங்கிக் கொடுத்தோம். 120 கிராம் இருக்கிறது. கடையில் உறைய வைத்த சுண்டெலி, எலி இரண்டும் உண்டு, அதிலும் பிங்கி, ஃபஸி, ஹாப்பர், வீனர் என்று ஏகப்பட்ட பெயர்கள். எதை வாங்குவது?
(வாசகி, ஹாரோ, லண்டன்)

பதில்: எலி வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், சமையலுக்கு வைத்திருப்பது வேண்டாம், பாம்புக்கென்று தனியாக. கடைக்காரர்கள் சொல்லும் பெயர்களெல்லாம் வயதைத்தான் குறிக்கின்றன: பிங்கி என்றால் முடியே முளைக்காதது, ஃபஸி என்றால் பூனைமயிர் அரும்பியது, ஹாப்பர் என்றால் கண் திறந்து துள்ள ஆரம்பித்த சுண்டெலி, வீனர் என்றால் தாய்ப்பால் மறந்தது. ஒரு கடையின் வீனர் இன்னொரு கடையில் சின்ன எலி என்று விற்கப்படும். அதனால் பெயரை விட்டுவிட்டு பாக்கெட்டில் போட்டிருக்கும் கிராமைப் பாருங்கள்.

குட்டிப் பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கிற இரை சரி. உங்களுடையது 120 கிராம், ஆக 12 முதல் 18 கிராம், வாரம் ஒன்று. பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவு பருமனோ இரையும் அவ்வளவுதான் இருக்கலாம். விழுங்கிய பிறகு வயிற்றில் லேசான மேடு தெரிந்தால் போதும். அரை கிலோ தாண்டியதும் எடையில் 7 சதவீதத்துக்கு இறங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். முழுதாக வளர்ந்த பிறகு 5 சதவீதம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று போதும்.

சுண்டெலியா எலியா என்றால், எலிக் குட்டியிலேயே ஆரம்பிக்கச் சொல்வேன். சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் பெண் பால் பைத்தான் வளர்ந்தால் ஒன்றரை, இரண்டு கிலோ வரும், அதற்கு 80, 100 கிராம் எலி ஒன்று போதும், சுண்டெலி என்றால் ஒரே வேளைக்கு மூன்று நான்கு வேண்டும். சுண்டெலி வாசனைக்குப் பழகிவிட்ட பாம்பை எலிக்கு மாற்றுவது பிறகு பெரும்பாடு. ஆனாலும் இப்போது வாங்கின இடத்தில் சுண்டெலிதான் கொடுத்தார்கள் என்றால் முதல் நான்கைந்து வேளை அதையே கொடுங்கள். புது வீடு, புது கூண்டு, அதோடு புது சாப்பாடும் சேர்ந்தால் குட்டி வாயே திறக்காது.

ஒன்று மட்டும் மகனிடம் சொல்லி வையுங்கள்: நன்றாகத் தின்னும் பால் பைத்தான் கொடுக்கக் கொடுக்கத் தின்னலாம், அதைப் பசி என்று நினைத்து அடிக்கடி போடுகிற வீடுகளில்தான் பாம்பு கொழுத்துப் போகிறது. ஆரோக்கியமான பாம்பின் உடம்பு குறுக்குவெட்டில் முனை மழுங்கிய முக்கோணமாக, முதுகுத்தண்டு லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கும். உருளையாகி, செதில்களுக்கு நடுவே தோல் தெரிய ஆரம்பித்தால், வால் பக்கம் மடிப்பு விழுந்தால், இரை பெரிதாகிவிட்டது அல்லது இடைவெளி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: இங்கே கடைகளில் உயிருள்ள எலி சுலபமாகக் கிடைக்கிறது. காட்டில் பாம்பு உயிரோடுதானே பிடித்துத் தின்கிறது, அதையே கொடுத்தால் என்ன?
(வாசகர், டல்லாஸ், டெக்சாஸ்)

பதில்: காட்டில் எலிக்கும் ஓட இடம் இருக்கிறது, பாம்புக்கும் விலக இடம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் இரண்டுக்கும் இல்லை. பாம்புக்கு அன்றைக்குப் பசி இல்லையென்றால் அது சுருண்டு படுத்துக்கொள்ளும், பயந்துபோன எலி அதன் முதுகைக் கொறிக்கத் தொடங்கும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டால் காலையில் தசை கிழிந்து எலும்பு தெரிகிற பாம்பைத்தான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். நன்றாக வேட்டையாடும் பாம்புக்கும் ஆபத்து உண்டு, இறுக்கும்போது எலி திரும்பிக் கண்ணில் கடித்தால் என்ன செய்வீர்கள்? எலியும் ஒரு உயிர்தான், அது அந்தப் பெட்டிக்குள் படும் பயத்துக்கு அவசியமே இல்லை. உறைய வைத்ததை வாங்கும்போதும், எப்படிக் கொன்றீர்கள் என்று கேளுங்கள். கரியமில வாயுவில் மயங்க வைத்துக் கொன்றது என்றால் வாங்கலாம். உயிரோடு ஃப்ரீசரில் போடுகிறவரிடம் வாங்காதீர்கள்.

உறைந்த எலியைப் பாம்பு தின்னாது என்பவர்கள் பெரும்பாலும் அதைச் சரியாகச் சூடாக்காதவர்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள். மறுநாள் சாயங்காலம் ஜிப் கவரில் போட்டபடியே கை பொறுக்கும் வெந்நீரில் கால் மணி, அரை மணி நேரம் வையுங்கள். வயிற்றை விரலால் அமுக்கிப் பாருங்கள், உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது, உள்ளே உறைந்திருந்தால் பாம்பு கக்கிவிடும். மேல் தோல் 38, 40 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சூடாக. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும், அவற்றால்தான் அது இரையின் சூட்டை உணர்கிறது, ஆறிப்போன எலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மைக்ரோவேவ் கூடவே கூடாது, சில இடம் வெந்து சில இடம் பச்சையாக இருக்கும், வயிறு வெடிக்கும். ஈரத்தைத் துடைத்து, விளக்கைக் குறைத்து, நீளமான இடுக்கியால் இடுப்பைப் பிடித்து, தலை முன்னால் வரும்படி மறைவிடத்தின் வாசலில் மெதுவாக அசைத்துக் காட்டுங்கள். நாக்கு வேகமாக உள்ளே வெளியே போகும், கழுத்து S போல மடியும், அப்புறம் ஒரு நொடிதான். தின்னவில்லையா, ராத்திரி அங்கேயே வைத்துவிட்டு காலையில் எடுத்துப் போட்டுவிடுங்கள், திரும்ப உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வயது ஆண் பாம்பு. நவம்பரிலிருந்து இரண்டு மாதமாகச் சுண்டெலியையும் தொடவில்லை, எலியையும் தொடவில்லை. ஜெர்பில் (எலி போன்ற ஒரு சின்னக் கொறிவிலங்கு) கொடுத்தால் உடனே தின்னும் என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ)

பதில்: பெரும்பாலும் தின்னும். செனகலிலிருந்து உகாண்டா வரை நீளும் புல்வெளிகள்தான் இந்தப் பாம்பின் சொந்த ஊர், அங்கே ஜெர்பில் வகைகள் அதற்கு வழக்கமான இரை. பறவையும் தின்னும்: தென்கிழக்கு நைஜீரியாவில் நடந்து 1998ல் வெளியான ஓர் ஆய்வில், சின்ன பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையும் பெரியவை பெரும்பாலும் பாலூட்டிகளையும் தின்றிருந்தன. பிரச்சினை என்னவென்றால், ஜெர்பில் ருசி கண்ட பாம்பு அதற்குப் பிறகு வேறு எதையும் சீந்தாமல் போகலாம், ஜெர்பிலோ விலையும் அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்கவும் கிடைக்காது. வேறு வழியே இல்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

வளர்ந்த ஆண், குளிர்காலம், இரண்டு மாதம் என்றால் இது பெரும்பாலும் இனப்பெருக்கக் காலத்து விரதம்தான். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை குறைந்திருப்பது 10 சதவீதத்துக்குள் இருந்து, பாம்பும் சுறுசுறுப்பாக இருந்தால் பதற வேண்டாம். அதற்கு மேல் இறங்கினாலோ, மூச்சில் சத்தம், வாயில் கோழை தெரிந்தாலோ ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். உங்கள் ஊர்க் குளிரில் அறை சில்லிட்டிருக்கும், சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இறுக்கமான மறைவிடம் இருக்க வேண்டும். தினம் தினம் எலியை நீட்டாதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மறுபடி தின்ன ஆரம்பித்து மூன்று நான்கு வேளை சுண்டெலி உள்ளே போனதும் எலிக்கு மாற்றப் பாருங்கள்: வழக்கத்தைவிடச் சின்ன எலியாக எடுத்து, கரைந்த சுண்டெலியோடு ஒரே கவரில் சூடாக்கி, வாசனை ஏறியதும் கொடுங்கள்.

கேள்வி: வீட்டுப் பொறியில் விழும் எலியைப் போடலாமா? காசும் மிச்சம்.
(வாசகர், சென்னை)

பதில்: வேண்டவே வேண்டாம். எலி மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும், அந்த நாட்களில்தான் பொறியிலும் விழும், மருந்து அப்படியே பாம்பின் வயிற்றுக்குப் போகும். எலிக் காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்) உங்களுக்கே வரலாம். வளர்த்து விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்று. பால் பைத்தான் சைட்டிஸ் (ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும், இன்னும் செய்யவில்லை என்றால் முதலில் வனத்துறையை அணுகுங்கள். நம் ஊர் மலைப்பாம்பைப் பிடித்து வளர்ப்பது பேச்சுக்கே இடமில்லாத குற்றம், அது அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்பில் இருக்கும் உயிர்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, பாவம் எலியை விடு, பாலும் முட்டையும் வை என்கிறார்.
(வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: பால் அதற்குச் செரிக்காது, வயிற்றைக் கெடுக்கும். தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தைக் கண்டாலும் குடிக்கும், அதைப் பார்த்துத்தான் பாம்பு பால் குடிக்கிறது என்கிறார்கள். கோழி முட்டையை பால் பைத்தான் சீண்டாது. அம்மா கையாலேயே தினமும் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பச் சொல்லுங்கள், பாம்புக்கு அது பெரிய உதவி.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. எலியைச் சமையலறை ஃப்ரீசரில் வைக்கலாமா?
(வாசகி, பர்மிங்ஹாம்)

பதில்: முடிந்தவரை வேண்டாம். உறைய வைத்தால் சால்மொனெல்லா (வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியா) சாகாது, தூங்கும், அவ்வளவுதான். உங்கள் நாட்டிலேயே 2015 முதல் பாம்புகளுக்கான உறைந்த சுண்டெலிகளால் நூற்றுக்கணக்கானவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள், அவர்களில் குழந்தைகள் நிறைய. தனியாகச் சின்ன ஃப்ரீசர் வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் மூடியுள்ள டப்பாவில் போட்டு, சாப்பாட்டுப் பொருள் எதுவும் இல்லாத கீழ்த்தட்டில் தனியாக வையுங்கள். கரைக்கும் பாத்திரம், இடுக்கி, தராசு எல்லாம் தனி. குழந்தையைத் தூக்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலி கரைந்த தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள்.