பானட்டைத் திறந்து பாருங்கள்!

கார் பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கோவை மேட்டுப்பாளையம் சாலையில் 31 வருடமாகப் பட்டறை நடத்தும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

குடும்பத்தோடு ஊட்டி போய்த் திரும்பும்போது, பர்லியார் தாண்டியதும் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்ததும் சரியாகிவிட்டது. பிரேக் பேடு மாற்றினால் போதுமா?
வாசகர், திருப்பூர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் என் பட்டறை வாசலில் இந்த வாடையோடு இரண்டு வண்டியாவது வந்து நிற்கும். பேடு மாற்றுவது இருக்கட்டும். முதலில் நீங்கள் எந்த கியரில் இறங்கினீர்கள் என்று சொல்லுங்கள். நான்காவதா? இல்லை, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலா?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். ஐம்பது கிலோமீட்டர் சாலையில் 1,900 மீட்டர் கீழே வருகிறீர்கள். பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் ஒரு நாள் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினான். ஆட்களோடு ஒன்றேகால் டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி, ஆறு யூனிட் கரண்ட்டுக்கும் மேல். எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இதில் கொஞ்சத்தைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கை அகல பிரேக் பேடுகள் தாங்க வேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் பேடு தலையில் கட்டியிருக்கிறீர்கள். அந்தச் சுவருக்கு அப்புறம் இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது, நல்ல கொண்டை ஊசியில் முதலாவது. இன்ஜின் கத்தும், கத்தட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘எல்’ (லோ கியர்) அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும், கால் அதிலேயே குடியிருக்கக் கூடாது. நியூட்ரல் கதையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய வண்டிகளில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும்.

இப்போது அந்தப் பஞ்சு பெடல். உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. இந்த ஆயிலுக்குக் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 (DOT 4) என்று போட்டிருக்கும் புது ஆயில் 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வந்துவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் குமிழி. குமிழியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர பேடைத் தள்ளாது. ஆறியதும் குமிழி அடங்கிவிடும், பெடலும் நல்ல பிள்ளை ஆகிவிடும். அதை நம்பி மறுபடியும் மலை ஏறாதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும். பழைய சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள். ‘டாப் அப்’ என்று மட்டும் இருந்தால், மாற்றவில்லை என்று அர்த்தம். பேடுகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடலாம். இன்னொன்று, பேடு பிடிக்கிற சூடான டிஸ்க் தட்டில் பாட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். டிஸ்க் வளைந்துபோகும், விரிசலும் விடலாம். நிழலில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வாருங்கள், அதுவே வைத்தியம்.

என் கார் 6 வருடத்தில் 18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடு) நன்றாக இருக்கிறது. ஆனாலும் மாற்றச் சொல்கிறார் டயர் கடைக்காரர். வியாபாரம்தானே?
வாசகர், கரூர்

வியாபாரமாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். நீங்களே பார்த்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இலக்கம் தெரியவில்லை என்றால் டயரின் மறுபக்கம் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும்தான் முழுதாக அச்சிட்டிருப்பார்கள்.

ரப்பர் ஓடினாலும் வயதாகும், ஓடாவிட்டாலும் வயதாகும். வெயிலில் நிற்கிற வண்டிக்கு இன்னும் சீக்கிரம். பக்கவாட்டிலும் பட்டன்களின் இடுக்கிலும் காய்ந்த ஏரி மண் மாதிரி வெடிப்பு இருந்தால், பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் மாற்றுங்கள். வெடிப்பு இல்லை, ஊருக்குள் மட்டும்தான் ஓட்டம் என்றால் வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். எப்படியும் பத்து வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் நாற்கரச் சாலையில் நூறில் போகிற ஆள் என்றால் ஆறு வருடத்திலேயே நான் மாற்றிவிடுவேன். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பேச்சே இல்லை.

காற்று பிடிக்கும்போது எத்தனை என்று பையன் கேட்டால் ‘நீயே பார்த்துப் போடுப்பா’ என்று சொல்லாதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலி வண்டிக்கு எவ்வளவு, முழு லோடுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். டயரில் எழுதியிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு அல்ல. வண்டி மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்கு முன்னால் பார்ப்பது நல்லது. சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

அப்புறம் ஸ்டெப்னி. ஊரார் வண்டிக்கெல்லாம் காற்று பார்த்த நான், ஒரு ராத்திரி அவிநாசி பக்கம் பஞ்சராகி ஸ்டெப்னியை எடுத்து மாட்டினேன். ஜாக்கியை இறக்க இறக்க அதுவும் தோசை மாதிரி தரையோடு படிந்தது. சம்பந்தி வீட்டு விசேஷத்துக்கு லாரியில் போய் இறங்கினோம்.

வாரம் ஒருமுறைதான் கார் எடுக்கிறேன். இரண்டு முறை பேட்டரி டவுன். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் சரியாகுமா?
வாசகி, சென்னை மடிப்பாக்கம்

ஆகாது. கெடும். ஒரு முறை செல்ஃப் அடிக்க பேட்டரி கொடுக்கும் கரண்ட் அதிகம். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடினால் அது திரும்பி வராது. அதற்குப் பதில் வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் ஓட்டுங்கள். கோயிலுக்கோ காய்கறிக்கோ போய்வந்தால் சரி.

எலக்ட்ரிக் கடையில் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுசாக இருக்கிறது. 12க்கு வந்துவிட்டால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது 13.8லிருந்து 14.4 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. அது வரவில்லை என்றால் குற்றவாளி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கிறான், புது பேட்டரி வாங்கி ஏமாறாதீர்கள்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் போடும்போது வரிசை முக்கியம். சிவப்பு ஒயரை முதலில் உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை அவர் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை அவர் மைனஸில் மாட்டிவிட்டு, கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசியில் மாட்டும் இடத்தில்தான் பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம்.

2023 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் கார்கள் மூழ்கின. இந்த வருடமும் பயமாக இருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?
வாசகர், சென்னை வேளச்சேரி

எதுவும் செய்யக் கூடாது. முக்கியமாகச் சாவியைத் தொடக் கூடாது. ‘ஸ்டார்ட் ஆகிறதா என்று ஒரு தடவை பார்ப்போம்’ என்கிற அந்த ஒரு தடவைதான் இன்ஜினை முடிக்கிறது. காற்று போகிற வழியில் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் காற்று மாதிரி சுருங்காது. பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சும்மா நனைந்த வண்டியின் செலவு வேறு, ராட் வளைந்த வண்டியின் செலவு வேறு. முடிந்தால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண முழு இன்ஷூரன்ஸிலும், தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் பணம் தர மறுப்பார்கள். ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று தனியாக ஒன்று உண்டு. உங்கள் ஏரியாவுக்கு அது வேண்டும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்துகிறார்களே, அவர்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா? நம் ஊரில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு?
வாசகர், ராமநாதபுரம்

உங்கள் ஊர் உப்புத் தண்ணீரையா? வேண்டாங்க. வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே ரேடியேட்டரின் சன்னக் குழாய்களிலும் படியும். கூலன்ட் பனிக்கு மட்டும் அல்ல, துருப்பிடிக்காமல் காக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. டப்பாவில் ‘நேரடியாக ஊற்றலாம்’ என்று இருந்தால் அப்படியே ஊற்றுங்கள். கெட்டியானது என்றால் டப்பாவில் சொன்ன அளவில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். வழியில் வேறு வழியே இல்லை என்றால் குடிக்கிற பாட்டில் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேருங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கிற வரை நூறு டிகிரிக்கு மேலும் அது கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடி கழன்ற நொடியில் மொத்தமும் பொங்கி மேலே வரும். பத்தொன்பது வயதில் ஹெல்ப்பராக இருந்தபோது முதலாளி ‘இருடா’ என்று சொல்லி முடிப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். இடது முன்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

எலி ஒயரைக் கடித்து 7,000 ரூபாய் செலவு. புகையிலை, அந்துருண்டை எதற்கும் அசரவில்லை.
வாசகர், தஞ்சாவூர்

அசராது. நான்கு நாள் வாடை, அப்புறம் அதற்கும் பழகிவிடும். அந்துருண்டை வாடை ஏசி வழியாக உங்களுக்குத்தான் தலைவலி தரும். எலிக்கு வேண்டியது இருட்டும் இன்ஜினின் கதகதப்பும். வண்டியைத் தினமும் கொஞ்சம் நகர்த்துங்கள். பக்கத்தில் குப்பைத்தொட்டியோ நெல் மூட்டையோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ஏசி காற்று உள்ளே போகும் வாய்க்குச் சின்னக் கண் உள்ள கம்பி வலை அடித்துத் தரச் சொல்லுங்கள். குழந்தைகள் சிந்திய முறுக்கு, பிஸ்கட் தூளை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். இவ்வளவுக்கும் மேல் வந்தால், பூனை வளர்க்கிறவர்களைச் சிநேகம் பிடியுங்கள்.

ஆயுத பூஜைக்கு மாமியார் பானட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஒரு வாரம் கழித்துக் கழுவினால் கறை போகவில்லை. இந்த வருடம் எப்படிச் சொல்வது?
வாசகி, ஈரோடு

மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைக்கிற ஆள்தான் நானும். கண்ணாடியில் வைக்கலாம், கறை பிடிக்காது. பெயின்ட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளை வண்டி என்றால் ரொம்பக் கவனம். இப்போது இருக்கிற கறையைப் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்க்காதீர்கள். பாலிஷ் போடுகிறவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் போய்விடும். எலுமிச்சம்பழத்தை நசுக்கியதும் டயர் இடுக்கைக் கழுவுங்கள். பூசணிக்காயை நடு ரோட்டில் உடைக்காதீர்கள், பின்னால் டூவீலரில் வருகிறவன் வழுக்கி விழுவான்.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் சொந்தக் கார் எப்படி இருக்கிறது?
வாசகர், பொள்ளாச்சி

இதை என் மனைவி எழுதிப் போடச் சொல்லியிருக்க மாட்டாளே? 2011 மாடல், டீசல், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர். ஆயில் தேதி தவறாமல் மாற்றியிருக்கிறேன், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் போன ஐப்பசி மழையில் அன்னூர் போகும்போது வைப்பர் ரப்பர் கிழிந்து கண்ணாடியில் கோடு கோடாக இழுத்தது. ‘ஊருக்கெல்லாம் மாத்துறீங்க’ என்றாள். சில நூறு ரூபாய் சமாசாரம். தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டிப் போய்ச் சேர்ந்தோம்.