பீர் கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனதா? வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணே, கோலாலம்பூரில் வேலை செய்யும் மச்சான் லீவுக்கு வந்தபோது 'ஹேஸி லிட்டில் திங்' என்று ஓர் அமெரிக்க ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான ஒரு பீர் வகை) கேன் கொண்டுவந்தான். கிளாஸில் ஊற்றினால் ஒரே கலங்கல், பழ வாசம் வேறு. கெட்டுப்போச்சு என்று சிங்க்கில் கொட்டப் போனேன், மச்சான் சண்டைக்கே வந்துவிட்டான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மச்சான்தான் சரி, நல்லவேளை கொட்டவில்லை. அது கலங்கலாகத்தான் இருக்க வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா 1980-லிருந்து பீர் காய்ச்சும் கம்பெனி, தெளிவான, கசப்பான ஏல் வகை பீர்களால் பேர் வாங்கியது. அப்படிப்பட்டவர்களே 2018-ல் இதை வடிகட்டாமலேயே விற்பனைக்கு விட்டார்கள். பார்லியோடு ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் அவற்றின் புரதமும், பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூவின் சத்தும் சேர்ந்து கலங்கல் தருகின்றன. பழச்சாறு ஒரு சொட்டு கிடையாது, அந்த வாசமெல்லாம் ஹாப்ஸ்தான். கொதிக்கும்போது ஹாப்ஸ் போட்டால் கசப்பு இறங்கும், ஆறிய பிறகு போட்டால் வாசம் நிற்கும், இதில் இரண்டாவதற்குத்தான் கை தாராளம். அதனால் அதே கம்பெனியின் கசப்பான டார்பிடோ ஐபிஏ போல நாக்கைப் பிடித்து இழுக்காது. எனக்கு இதன் முதல் வாய் ரொம்பப் பிடிக்கும், கேன் முடியும்போது கொஞ்சம் திகட்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கெட்டுப்போகவே போகாது என்று நினைக்காதீர்கள். கேனைக் கவிழ்த்து அடியில் அடைத்த தேதியைப் பாருங்கள், அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் போடுவார்கள், நம் கணக்கில் படித்துக் குழம்பாதீர்கள். கப்பலில் வந்து, அப்புறம் நம்மூர் வெயிலில் குளிரில்லாத அலமாரியில் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் வாசம் முதலில் ஓடிவிடும். நிறம் பழுப்படித்து, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தாராளமாகக் கொட்டுங்கள், மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடையில் குடித்தவர். அதுவும் கலங்கல், இதுவும் கலங்கல். இதற்கு ஏன் இவ்வளவு விலை என்கிறார்.
- இன்னொரு வாசகர், அதே ஊர்

பதில்: அப்பா கேட்பது நியாயம்தான். மரத்திலிருந்து இறக்கிய கள் காற்றிலிருக்கும் ஈஸ்டாலேயே சில மணி நேரத்தில் புளித்துவிடும், காலையில் இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, மறுநாள் காடி. இந்த பீருக்கு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) வேண்டும், ஹாப்ஸ் வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கடல் தாண்டி வர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நம் நாட்டு வரி. ஒன்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள், இதில் ஆல்கஹால் 6.7 சதவிகிதம். கடையில் வாங்கும் சாதாரண லாகர் பீரில் 5-தான். பழ வாசத்தை நம்பி இரண்டு கேன் மடமடவென்று இறக்கினால் எழுந்து நடக்கும்போதுதான் தெரியும்.

கேள்வி: மட்டன் பிரட்டலோடு நன்றாக இருக்குமா?

பதில்: கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தைக் கூட்டிக் காட்டும். பிரட்டலுக்கு லாகரே போதும். இந்த ஐபிஏவுக்கு வறுத்த நிலக்கடலையோ சூடான உளுந்து வடையோ எடுத்துவையுங்கள், சட்னியில் மட்டும் மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.