34 இஞ்ச் அகலத்திரை மானிட்டர்: கேளுங்கள், சொல்கிறேன்

நாலு வருடமாக 34 இஞ்ச் மானிட்டரில்தான் வேலை பார்க்கிறேன். 3440 × 1440 பிக்சல். பாதி நாள் எக்செல், மீதி நாள் புரோகிராம் எழுதுவது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

இரண்டு 27 இஞ்ச் மானிட்டர் இருக்கிறது. கொடுத்துவிட்டு இதை வாங்கினால் இடம் கூடுமா?

குறையும். உங்களுடையவை 2560 × 1440 என்றால் இரண்டும் சேர்த்து 5120 பிக்சல் அகலம். இது 3440தான். உயரமும் அதே 27 இஞ்ச் மானிட்டரின் உயரம், 33 சென்டிமீட்டர் சொச்சம். இரண்டுக்கும் சரியான ஈடு 49 இஞ்ச் மானிட்டர். அதற்கு மேசையே தனியாகப் பார்க்க வேண்டும். நடுவில் சட்டம் இல்லாமல் ஒரே பரப்பாகக் கிடைப்பதுதான் இங்கே லாபம். எக்செல்லில் நெடுவரிசைகளின் அகலத்தை மாற்றாமல் வைத்தால் 52 நெடுவரிசை ஒரே பார்வையில் தெரியும். சாதாரண 1920 திரையில் 29தான்.

வாங்கி மூன்று வாரம். கழுத்தின் வலப்பக்கம் வலிக்கிறது. பிரவுசர் இடப்பாதி, புரோகிராம் எழுதும் விண்டோ வலப்பாதி என்று வைத்திருக்கிறேன்.

வலி அங்கேதான் இருக்கிறது. சரிபாதியாகப் பிரித்தால் இரண்டு விண்டோவும் சேரும் கோடு உங்கள் மூக்குக்கு நேரே வரும். பார்க்க வேண்டிய எதுவும் நேரே இருக்காது. நாள் முழுக்க வலப்பக்கம் திரும்பியபடியே டைப் அடிப்பீர்கள். நானும் முதல் மாதம் இதைத்தான் செய்தேன், நாற்காலியைக் குறை சொல்லிக்கொண்டு.

திரையை மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் பாதி அகலம், இரு பக்கமும் கால் கால். கை வைக்கும் வேலை நடுவில். இடப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொள்ளும் ஆவணம், வலப்பக்கம் சாட். பக்கத்தில் இருப்பதைத் தொடர்ந்து ஐந்து நிமிடம் படிக்கிறீர்கள் என்றால் அதை நடுவுக்கு இழுத்துவிடுங்கள். கீபோர்டும் நடு விண்டோவுக்கு நேராக இருக்கட்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே.

அப்படிப் பிரிக்க ஒவ்வொரு தடவையும் மவுஸால் இழுக்கணுமா?

விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ் விசையோடு இசட் அழுத்துங்கள், திரையை மூன்றாகப் பிரிக்கும் அமைப்பும் வரும். சொந்த அளவு வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அதில் ஃபேன்சிசோன்ஸ் என்ற வசதியில் கட்டங்களை ஒருமுறை வரைந்துவிட்டால், ஷிப்டைப் பிடித்துக்கொண்டு விண்டோவை இழுத்தால் கட்டத்தில் போய் உட்காரும்.

மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்தால் "எழுத்தே தெரியலை" என்கிறார்கள்.

தெரியாதுதான். அவர்கள் 14 இஞ்ச் லேப்டாப்பில் உங்கள் 3440 பிக்சலும் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடும், மேலும் கீழும் கறுப்பு. முழுத் திரையைப் பகிராதீர்கள். ஒரு விண்டோவை மட்டும் பகிருங்கள். வேறு விண்டோவுக்குத் தாவினால் அது அவர்களுக்குத் தெரியாது, அதை மறந்து பேசிக்கொண்டே போகாதீர்கள். ஜூமில் திரையின் ஒரு பகுதியை மட்டும் பகிரும் வசதி உண்டு. நான் நடுப் பகுதியை அப்படிப் பகிர்கிறேன்.

அண்ணா, மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. மானிட்டர் பழுதா? லேப்டாப் பழசு.

மானிட்டரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் தம்பி. லேப்டாப்பில் பழைய வகை எச்டிஎம்ஐ 1.4 போர்ட் இருந்தால் இந்த அளவுக்குப் பெரும்பாலும் 30 அல்லது 50 ஹெர்ட்ஸ்தான் வரும், அதாவது வினாடிக்கு அத்தனை முறைதான் திரை புதுப்பிக்கப்படும். டிஸ்ப்ளே செட்டிங்கில் எத்தனை என்று பாருங்கள். 30 என்றால் அந்த விக்கல்தான். டிஸ்ப்ளேபோர்ட் அல்லது படம் அனுப்பும் டைப்-சி இருந்தால் அதில் மாட்டுங்கள்.

34 இஞ்சிலேயே 2560 × 1080 விலை குறைவாக இருக்கிறதே?

வேண்டாம். ஒரு இஞ்சுக்கு 82 பிக்சல்தான் விழும், 3440 × 1440இல் 110. தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் பிசிறடிக்கும். பட்ஜெட் அவ்வளவுதான் என்றால் அதே பிக்சலில் 29 இஞ்ச் வாங்குங்கள், எழுத்து தெளிவாக இருக்கும்.

வளைந்தது அவசியமா?

34 இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் 80 சென்டிமீட்டர். தட்டையான திரைக்கு 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஓரங்கள் நடுவைவிட 10 சென்டிமீட்டர் கூடுதல் தூரத்தில் இருக்கும். வளைவு அதைக் குறைக்கிறது. 1800ஆர் என்றால் 1800 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வளைவு. எனக்கு அது போதும். கட்டட வரைபடம் போடுபவர் என்றால் கடையில் நேர்க்கோடு ஒன்றை வரைந்து, வளைந்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் படம் பார்க்க எப்படி?

சாதாரண 16:9 வீடியோவுக்கு இரு பக்கமும் 440 பிக்சல் கறுப்பு நிற்கும். வீட்டில் கிரிக்கெட்டுக்கு இன்னும் டிவிதான்.