கைநாட்டு வைப்பவர் ஆலோசகர் ஆகலாமா?

கேள்வி: பந்தலூர் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையை நிர்வகிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்களுக்காக உடல்நலம், வன உரிமை பற்றிய செய்திகளைக் குரலில் பதிவு செய்து, ஊர் ஊராகப் போய் ஸ்பீக்கரில் கேட்க வைக்கிறோம். எங்கள் ஆலோசகர்கள் ஓய்வுபெற்ற டாக்டர், வங்கி அதிகாரி, பேராசிரியர், எஸ்டேட் மேனேஜர். கூட்டம் ஊட்டியில், பாதி ஆங்கிலத்தில் நடக்கும். செய்திகளைக் கேட்கும் பெண்களில் ஒருவரைக் குழுவில் சேர்க்கலாம் என்றேன். “கைநாட்டை உட்கார வைத்து என்னம்மா கேட்பது?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். போதாததற்கு, இவர்கள் என்னைத் தாண்டி எங்கள் களப்பணியாளர்களுக்கே போன் போட்டு வேலை சொல்கிறார்கள். என்ன செய்ய? – வாசகி, பந்தலூர்

பதில்: போன் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். அறக்கட்டளையின் பணத்துக்கும் முடிவுகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அறங்காவலர்கள். ஆலோசகர்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை; அதனால் உத்தரவு போடும் உரிமையும் இல்லை. யாரிடம் எந்த விஷயத்தில் யோசனை கேட்கப்படும், எத்தனை வருடத்துக்கு, யார் மூலமாகப் பேச வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் தயார் செய்யுங்கள். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம், தலைமை அறங்காவலர் போடட்டும். வயதில் பெரியவர்களிடம் இதை நீங்கள் நேரில் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அதுவரை பணியாளர்கள் “மேடத்திடம் கேட்டுச் சொல்கிறேன் சார்” என்று சொல்லிப் பழகட்டும்.

சரி, அந்தச் சிரிப்புக்கு வருவோம். எழுதத் தெரியாதவர் வைக்கும் அடையாளமும் கையெழுத்தில் அடங்கும் என்று சட்டங்களில் வரும் பொதுச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டமே சொல்லியிருக்கிறது. வன உரிமைச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றித்தானே நீங்களும் ஒலிப்பதிவு போடுகிறீர்கள்? கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்க வேண்டும். 2012-இல் விதிகளைத் திருத்திய பிறகு, அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். படிப்பு பற்றி அதில் ஒரு நிபந்தனையும் இல்லை. காட்டு நிலம் யாருக்கு உரியது என்று விசாரிக்க அவர்கள் போதும், பத்து நிமிட ஒலிப்பதிவு பற்றிக் கருத்துச் சொல்ல மட்டும் போதாதா? இதை அடுத்த கூட்டத்தில் சிரிக்காமல் கேளுங்கள்.

ஆனால் சட்டத்தைக் காட்டி வாங்கும் நாற்காலி அலங்காரமாகத்தான் நிற்கும். அந்தப் பெண் அங்கே எதற்கு என்று உங்களுக்கே தெளிவு வேண்டும். பரம்பரையாக வரும் ரத்த நோயான சிக்கில் செல் ரத்தசோகையையே பாருங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம் அது இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. உங்கள் டாக்டர் சொல்லும் அறிவுரை மருத்துவப்படி சரியாகவே இருக்கும்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், குளிரில் நனையாதீர்கள், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜூலை மழையில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறோம் என்பார். அந்த ஒரு வாக்கியம் உங்கள் ஒலிப்பதிவை மட்டுமல்ல, அடுத்து எஸ்டேட் மேனேஜரிடம் நீங்கள் கேட்க வேண்டியதையும் மாற்றிவிடும். ஊட்டிக் கூட்டத்தில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

2007-இல் தொடங்கிய லிட்டரசி பிரிட்ஜ் என்ற அமைப்பு, கானா நாட்டுக் கிராமங்களுக்குப் ‘பேசும் புத்தகம்’ என்ற கருவியைக் கொண்டு போனது. கேட்பவர் தன் கருத்தை அதே கருவியில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். உங்கள் ஸ்பீக்கருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஆட்கள்தான் வேண்டும்.

ஒருவரை மட்டும் சேர்க்காதீர்கள். நான்கு பெரிய மனிதர்களுக்கு நடுவில் தனியாக உட்காரும் பெண், எதைக் கேட்டாலும் “சரிங்க” என்றுதான் சொல்வார். குறைந்தது மூன்று பேர். பணியரின் மொழி வேறு, காட்டுநாயக்கரின் மொழி வேறு. ஒருவர் மற்றவருக்காகப் பேச முடியாது. ஆளை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஊரே சொல்லட்டும். நீங்கள் தேர்ந்தெடுத்தால் உங்களிடம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் வருவார். கூட்டம் பந்தலூரிலேயே நடக்கட்டும், டாக்டர் பஸ் ஏறி வரட்டும். எந்தக் கிழமை என்று அவர்களிடமே கேளுங்கள். அன்றைய கூலியும் பஸ் கட்டணமும் கொடுங்கள். “எங்களுக்கு மட்டும் இல்லையா?” என்று வங்கிக்காரர் கேட்கலாம். அவருக்குப் பென்ஷன் வருகிறது, இவர்களுக்கு வேலைக்குப் போகாத நாளில் கூலி கிடையாது.

நடவடிக்கைக் குறிப்பை எழுதி நீட்டாதீர்கள். முடிவுகளைப் பேசிப் பதிவு செய்து, அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். வரவு செலவையும் வாய்விட்டுப் படியுங்கள். டீசலுக்கு எவ்வளவு, ஸ்டூடியோவுக்கு எவ்வளவு என்று சத்தமாகப் படிக்கும்போது படித்தவர்களுக்கும் புதிய கேள்விகள் வரும். காகிதத்தில் பார்த்தால் யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: இந்த மூவரும் கேட்டுச் சரி சொல்லாமல் எந்தச் செய்தியும் வெளியே போகக் கூடாது. அந்த அதிகாரத்தைக் கொடுக்க மனம் இல்லையென்றால் அவர்களைக் கூப்பிடாமல் இருப்பதே மரியாதை.

இதற்காக டாக்டரை இழந்துவிடாதீர்கள். மாத்திரையின் அளவு சரியா என்பதை ஊர் சொல்ல முடியாது, அதற்கு அவர்தான் வேண்டும். பேராசிரியர் கோபித்துக்கொண்டு விலகினால் போகட்டும். சிரிப்பைத் தொடங்கியவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை ஒரு மாலை ஸ்பீக்கர் வண்டியில் ஏற்றி அழைத்துப் போங்கள், பேச வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்லுங்கள்.

முதல் கூட்டத்தை மே மாதத்துக்குள் வைத்துவிடுங்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் அந்த ஊர்களிலிருந்து வந்து போவது என்ன பாடு என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.