அலுவலக அதிகாரத்தைப் புரிந்துகொள்ள ஃபூக்கோ எதற்கு?

"யார் யாருக்கு மேலே என்று நிறுவனப் படிநிலையைப் பார்த்தாலே அதிகாரம் யாரிடம் என்று தெரிந்துவிடுமே, பின்நவீனத்துவத்தை ஏன் மேலாண்மைப் படிப்பில் இழுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (பின்நவீனத்துவம் என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய விளக்கம் உண்டு என்பதைச் சந்தேகிக்கும் சிந்தனைப் போக்கு.) எம்பிஏ முதல் வருடமாக இருக்கும். இன்னும் வேலைக்குப் போகவில்லை என்றும் நினைக்கிறேன். போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

1957இல் அரசியல் அறிஞர் ராபர்ட் டால் சொன்னது எளிது: தானாகச் செய்திருக்காத ஒன்றை ஒருவரை இன்னொருவர் செய்யவைத்தால் அது அதிகாரம். 1974இல் சமூகவியலாளர் ஸ்டீவன் லூக்ஸ் ஒரு படி மேலே போனார். எதிர்க்கவேண்டும் என்ற எண்ணமே வராமல் செய்வதும் அதிகாரம்தான் என்றார். இரண்டிலும் அதிகாரம் செலுத்தும் ஆள் ஒருவர் இருக்கிறார். சிறைச்சாலை பற்றி 1975இல் எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ, ஆங்கிலத் தத்துவவாதி பெந்தம் வரைந்த வட்டச் சிறைத் திட்டத்தை எடுத்துக்கொண்டார். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். காவலர் இப்போது பார்க்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாது. அதனால் தன்னைத் தானே காவல் காக்கிறான். கோபுரத்தில் ஆளே இல்லாவிட்டாலும் அதிகாரம் வேலை செய்கிறது. (ஃபூக்கோ பின்நவீனத்துவவாதி இல்லை என்று கிளம்பாதீர்கள். அவர் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை என்பது எனக்கும் தெரியும். 1988இல் கிப்சன் பர்ரல் போன்றவர்கள் அவரை நிறுவன ஆய்வுக்குள் கொண்டுவந்தபோது அந்தத் தலைப்பின் கீழ்தான் கொண்டுவந்தார்கள்.)

சென்னையில் பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களுக்கான கால் சென்டர் ஒன்றில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவள் நான். எந்த அழைப்பை குவாலிட்டிக்காரர்கள் (எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடுபவர்கள்) கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா அழைப்பிலும் குரலில் சிரிப்பு வைத்தோம். பாத்ரூம் போவதற்கும் திரையில் ஒரு ஆக்ஸ் கோடு (ஏன் அழைப்பு எடுக்கவில்லை என்று காட்டும் குறியீடு) அழுத்த வேண்டும், நிமிடம் ஓடும். பிறகு இன்சென்டிவை டீமுக்குச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து டீம் லீடர் வாய் திறக்கவே தேவையில்லாமல் போனது. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்விட்டுத் தாமதமாக வந்த பெண்ணை, "உன்னாலதான் எங்க காசு போகுது" என்று கேட்டது பக்கத்து சீட்டுத் தோழிதான். மேலாளர் அந்தத் தளத்திலேயே இல்லை. படிநிலையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

1993இல் ஆய்வாளர் ஜேம்ஸ் பார்க்கர் அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றைப் பற்றி எழுதியதும் இதேதான். மேற்பார்வையாளர்களை எடுத்துவிட்டு வேலையைக் குழுக்களிடமே கொடுத்தார்கள். தொழிலாளர்கள் தாங்களே போட்டுக்கொண்ட விதிகள் பழைய முதலாளி விதிகளை விடக் கடுமையாக இருந்தன.

"ஃபூக்கோவைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பையே மறந்துவிட்டீர்கள்" என்று இடதுசாரி நண்பர்கள் வருவார்கள். நியாயமான குறைதான். தாம்ஸன், ஆக்ராய்டு என்ற ஆய்வாளர்கள் 1995இல் அதைச் சொன்னார்கள். பெய்ன், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2000இல் ஸ்காட்லாந்து கால் சென்டர் ஒன்றிலிருந்து, கண்காணிப்பு முழுமையானதல்ல, ஊழியர்கள் எதிர்க்கவும் செய்கிறார்கள் என்று காட்டினார்கள். நாங்களும் வாடிக்கையாளர் போனை வைத்த பிறகும் லைனைத் துண்டிக்காமல் மூச்சு வாங்கியிருக்கிறோம். இன்சென்டிவ் விதியை எழுதியது யார், மிச்சம் யார் பைக்குப் போனது என்ற கேள்விக்கு ஃபூக்கோவிடம் விடை தேடாதீர்கள். அதற்கு மார்க்ஸ் வேண்டும். எனக்கு இருவரும் வேண்டும்.

இதைத்தான் எம்ஃபில்லில் எழுத ஆசைப்பட்டேன். வழிகாட்டி ஒரே வார்த்தையில் "பணி திருப்தி" என்று தலைப்பை மாற்றினார். ஐந்து புள்ளி அளவுகோலில் கேள்வித்தாள், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் அட்டவணை, முடிந்தது. அந்தப் பெண் என் கேள்வித்தாளில் "மிகவும் திருப்தி" என்று டிக் அடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அதே தோழி. நம் ஊர் மேலாண்மைத் துறைகளில் இன்னும் எத்தனை வருடம் இந்தத் தலைப்பையே அடுக்குவார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டிருந்தால், முதலில் பார்க்கரைப் படியுங்கள். பிறகு ஃபூக்கோ. பதில் சொல்பவரைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வித்தாளைக் கொடுங்கள்.