சார்ல்ஸ்டனில் இரண்டு இரவு: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

கேள்வி: ஷார்லட்டில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கிளம்பி, ஞாயிறு இரவு வீடு திரும்புகிற மாதிரி தென் கரோலினாவில் இருக்கும் சார்ல்ஸ்டன் போக நினைக்கிறோம். ஒன்பது வயது மகளும் வருவாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, பெற்றோர் இருவரும் சுத்த சைவம். எங்கே தங்குவது, எதை விடக்கூடாது, அப்படியே சவானாவையும் பார்த்துவிடலாமா?

பதில்: சவானாவை இந்த முறை விட்டுவிடுங்கள். சார்ல்ஸ்டனிலிருந்து அங்கே போகவே இரண்டு மணி நேரம் ஆகும், அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம். இரண்டு ஊரையும் சேர்த்தால் பெற்றோர் பாதிப் பயணம் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிவரும். சார்ல்ஸ்டன் ஒன்றையே நிதானமாகப் பார்க்க இரண்டு இரவு சரியாக இருக்கும்.

தங்குமிடத்தை ஆஷ்லி, கூப்பர் ஆறுகளுக்கு நடுவே இருக்கும் பழைய ஊருக்குள்ளேயே பாருங்கள், மேரியன் ஸ்கொயரிலிருந்து மார்க்கெட் வரையிலான பகுதி நல்லது. வாடகை அதிகம்தான், கார் நிறுத்தத் தனியாகக் கேட்பார்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் மவுண்ட் பிளசன்ட்டில் குறைவாகக் கிடைக்கும். ஆனால் முழங்கால் வலி உள்ளவர் மத்தியானம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு மறுபடி கிளம்ப முடிகிறதே, அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். ஊருக்குள் டேஷ் என்ற பஸ் இலவசமாக ஓடுகிறது, காரை ஒருமுறை நிறுத்திவிட்டால் ஞாயிறு காலைவரை எடுக்கத் தேவையில்லை. தேதியை முடிவு செய்யும் முன் கூப்பர் ரிவர் பிரிட்ஜ் ரன் என்றைக்கு என்று பாருங்கள். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமை அந்த ஓட்டம் நடக்கும், ஆயிரக்கணக்கானோர் வருவார்கள், காலையில் பாலத்தை மூடிவிடுவார்கள், அறை கிடைப்பதும் கஷ்டம்.

இனி எதைப் பார்ப்பது என்பதைவிட எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரும்பாலானவர்கள் வந்ததும் வண்ண வீடுகளையும் மாளிகைகளையும் பார்க்க ஓடுவார்கள், அருங்காட்சியகத்தைக் கடைசியில் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று வைப்பார்கள், நேரம் இருக்காது. நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். வெள்ளி மத்தியானம் சாப்பிட்டதும் நேராக இன்டர்நேஷனல் ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் மியூசியம் போங்கள். 2023-இல் திறந்தது. அது நிற்கும் இடமான கேட்ஸ்டன்ஸ் வார்ஃப், அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறை. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாக வந்தவர்கள் என்பது வரலாற்றாளர்கள் சொல்லும் கணக்கு. கட்டடத்தைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், கீழே உள்ள நினைவுத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே தரையில், கப்பலின் அடித்தளத்தில் மனிதர்களை எப்படி நெருக்கி அடுக்கிப் படுக்கவைத்தார்களோ அப்படியே உருவங்களைப் பதித்து, மேலே மெல்லிய நீர் ஏறி வடிகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். மகளோடு போகும் முன் கொஞ்சம் பேசிவிட்டுப் போங்கள், ஒன்பது வயதில் புரியும், கேள்வியும் கேட்பாள். உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட், அதனால் முன்பே எடுத்துவிடுங்கள்.

சனி காலை எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிட வேண்டும், அப்போதுதான் தெருவில் கூட்டம் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. மீட்டிங் ஸ்ட்ரீட்டும் பிராட் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் வெள்ளையாக நிற்கும் செயின்ட் மைக்கேல்ஸ் தேவாலயம், அங்கிருந்து ஈஸ்ட் பே ஸ்ட்ரீட்டில் 13 வீடுகள் வரிசையாக நிற்கும் ரெயின்போ ரோ, அப்புறம் கடலோரமாக நடந்தால் பேட்டரி என்கிற கடற்சுவர் நடைபாதை, அதன் முனையில் ஒயிட் பாயின்ட் கார்டன் பூங்கா. தூரம் அதிகமில்லை. அம்மாவால் நடக்க முடியாவிட்டால் குதிரை வண்டி எடுத்துக்கொள்ளுங்கள், சுமார் ஒரு மணி நேரம் சுற்றுவார்கள். எந்த வண்டி எந்தப் பகுதிக்குப் போவது என்பது கிளம்பும்போது குலுக்கலில் முடிவாகும், அதனால் ரெயின்போ ரோவைக் காட்டியே ஆக வேண்டும் என்று வண்டிக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. சால்மர்ஸ் ஸ்ட்ரீட்டில் பழைய அடிமைச் சந்தைக் கட்டடம் இன்று ஓல்ட் ஸ்லேவ் மார்ட் மியூசியமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தெரு முழுக்க உருண்டைக் கற்கள் பதித்தது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீடுகளைப் பார்க்கும்போது உங்கள் அப்பாவுக்கு ஒன்று காட்டுங்கள். வீட்டின் குறுகிய பக்கம்தான் தெருவைப் பார்த்திருக்கும், நீளவாட்டில் தெற்கு அல்லது மேற்குப் பக்கம் ஒரு நீண்ட தாழ்வாரம், நம்மூர்த் திண்ணையைத் திருப்பி வீட்டின் பக்கவாட்டில் வைத்த மாதிரி. தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக மாட்டோம், அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போவோம். கடற்காற்றைப் பிடிப்பதற்கான ஏற்பாடு. சுவர்களில் அங்கங்கே இரும்புத் தகடுகள் திருகியிருக்கும். 1886-இல் ஊரையே உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பல வீடுகளில் சுவர்களை இழுத்துப் பிடிக்கக் கம்பி செருகி, அதன் முனையில் முடுக்கியவை அவை. மகளை எண்ணச் சொல்லுங்கள், நடக்கிற அலுப்பே தெரியாது.

மத்தியானம் ஓய்வெடுத்துவிட்டு லிபர்ட்டி ஸ்கொயரிலிருந்து ஃபோர்ட் சம்டருக்குப் படகு. 1861 ஏப்ரல் 12 விடியற்காலை இந்தக் கோட்டையைக் குறிவைத்துச் சுட்டதில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. போக அரை மணி, வர அரை மணி, கோட்டையில் சுமார் ஒரு மணி நேரம். மேலே ஏறப் படிகள் உண்டு, அம்மா கீழேயே இருந்து பார்க்கலாம். படகில் போகும்போது மகளுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் கதையைச் சொல்லுங்கள். இதே துறைமுகத்தில் பிளான்டர் என்ற கப்பலை ஓட்டிய அடிமை அவர். 1862 மே 13, இருட்டோடு இருட்டாக, கப்பலின் வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்கும்போது கப்பலைக் கிளப்பி, வழியில் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சரியான விசில் சைகை கொடுத்து, அப்போது தெற்கத்தியர் கையில் இருந்த இந்தக் கோட்டையைத் தாண்டிப்போய் வடக்கத்திய கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரும் ஆனார்.

மார்க்கெட்டில் புல்லால் பின்னிய கூடைகள் விற்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததியான கல்லா கீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வரும் கைவேலை. விலை கூடுதலாகத் தெரியும், ஒரு கூடைக்கு எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், பேரம் பேசாதீர்கள்.

சாப்பாட்டில் கவனம். மெனுவில் கீரை, பயறு என்று பார்த்துச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். காலர்ட் கீரையைப் பன்றி எலும்போடு வேகவைப்பதுதான் இங்கே வழக்கம், காராமணியும் அரிசியும் சேர்ந்த ஹாப்பிங் ஜான், தக்காளி போட்ட ரெட் ரைஸ் இரண்டிலும் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். மக்காச்சோளக் குருணையில் செய்யும் கிரிட்ஸ் பெற்றோருக்குப் பிடிக்கலாம், இறைச்சிச் சாறு ஊற்றினார்களா என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள். சின்ன சமையலறை உள்ள அறையாக எடுத்து, ஒரு வேளை தயிர்சாதம் பண்ணிக்கொண்டால் நிம்மதி.

ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டு, அரை மணி தூரத்தில் ஆஷ்லி ரிவர் ரோட்டில் உள்ள மக்னோலியா பண்ணைக்குப் போங்கள். ஏப்ரல் தொடக்கம் என்றால் அசேலியா பூத்திருக்கும், நடக்க முடியாதவர்களுக்கு டிராம் உண்டு, அடிமைகள் வாழ்ந்த குடிசைகளைக் காட்டும் சுற்றுலாவும் உண்டு, அதைக் கட்டாயம் எடுங்கள். காவிரிக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்த ஊரின் செல்வத்தில் பெரும்பங்கு நெல்லில் வந்தது. ஆற்றங்கரையில் வரப்பு போட்டு, மரத்தால் மதகு வைத்து, கடல் ஏறும்போது மேலெழும்பும் ஆற்றின் நன்னீரை வயலுக்குப் பாய்ச்சி, இறங்கும்போது வடியவிட்டார்கள். அந்தச் சதுப்பை வெட்டித் திருத்தியவர்கள் அடிமைகள். அவர்களில் பலர் நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள், அந்த அறிவுக்காகவே வாங்கப்பட்டவர்களும் உண்டு. பழைய வயல்களுக்குள் படகிலும் கூட்டிப் போகிறார்கள், அப்பாவை அதில் ஏற்றிவிடுங்கள்.

அருங்காட்சியகமாக நிற்கும் யார்க்டவுன் போர்க்கப்பல் வேண்டாம், உள்ளே ஏணி மாதிரி செங்குத்தான படிகள். வாட்மலா தீவுத் தேயிலைத் தோட்டத்தையும் நீலகிரி பார்த்தவர்கள் விடலாம். அறை, மியூசியம், படகு மூன்றையும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், ஞாயிறு மூன்று மணிக்குள் மக்னோலியாவை விட்டுக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.