டிராவல் நர்ஸ் வேலை: ஏஜென்சி, வீடு, வரி – கேள்வி-பதில்

கேள்வி: ஹூஸ்டனில் ஐ.சி.யூ. நர்ஸாக மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. ஒஹாயோவில் ஒரு சிற்றூர் மருத்துவமனைக்கு டிராவல் நர்ஸாக, அதாவது ஏஜென்சி வழியாகச் சில வாரங்களுக்கு மட்டும் வெளியூரில் வேலை பார்க்கும் நர்ஸாக, போக நினைக்கிறேன். 13 வாரம், வாரம் 36 மணி நேரம். அதே இடத்துக்கு இரண்டு ஏஜென்சிகள் கூப்பிடுகின்றன. ஒன்று வாரம் 2,182 டாலர் என்கிறது, இன்னொன்று 2,188 என்கிறது. இரண்டாவதையே பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விளம்பரத்தில் வரும் வாரத் தொகை என்பது நான்கைந்து தொகைகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. இரண்டு ரெக்ரூட்டரிடமும் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள்.

இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஏஜென்சி மணிக்கு 26 டாலர் சம்பளம் தருகிறது. 36 மணிக்கு 936 டாலர். வீட்டுக்கு 770, சாப்பாட்டுக்கு 476 ஸ்டைபெண்டு, அதாவது செலவுப் படி. மொத்தம் 2,182. இரண்டாவது ஏஜென்சி மணிக்கு 22 டாலர்தான் தருகிறது. அதாவது 792. ஸ்டைபெண்டு அதே 1,246. சேர்த்தால் 2,038தான். மீதி 150 எங்கிருந்து வந்தது? 13 வாரமும் முடித்தால் தரும் 1,300 டாலர் போனஸையும் 650 டாலர் பயணச் செலவையும் 13ஆல் வகுத்து வாரச் சம்பளத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ஷிஃப்ட் தவறினாலே போனஸ் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த 1,300 உங்கள் கைக்கு வரும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்றால் முதல் இடத்தில் மணிக்கு 39 டாலர், இரண்டாவதில் 33. வீட்டுக் கடன், வேலையிழப்புக் காப்பீடு, சோஷியல் செக்யூரிட்டி ஆகியவற்றுக்கும் வரி பிடிக்கும் சம்பளம்தான் அடிப்படை. நாங்கள் முதல் ஏஜென்சியைத்தான் தேர்ந்தெடுப்போம்.

வரியில்லாத ஸ்டைபெண்டுக்கு உச்சவரம்பு உண்டு. ஜி.எஸ்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பு ஊர்வாரியாக அதை அறிவிக்கிறது. தனி விகிதம் இல்லாத ஊர்களுக்கு 2025 நிதியாண்டில் ஒரு நாளைக்குத் தங்க 110, சாப்பாட்டுக்கு 68. ஏழு நாளுக்கு 1,246. அப்படிப்பட்ட சிற்றூருக்கு "வரியில்லாமல் வாரம் 1,600" என்று யாராவது சொன்னால், மிஞ்சிய தொகைக்கான வரிப் பிரச்சினை பிறகு உங்கள் தலையில்தான் விழும்.

சம்பளத்துக்கு அடுத்து ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். முதலாவது, உத்தரவாத மணி நேரம். நோயாளிகள் குறைந்தால் மருத்துவமனை "இன்று வரவேண்டாம்" என்று ஷிஃப்டை ரத்து செய்யும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் வரை பணம் தராமல் ரத்து செய்யலாம் என்று எழுதும் ஒப்பந்தங்கள் நிறைய. மேலே சொன்ன முதல் ஏஜென்சி கணக்கில் 12 மணி நேர ஷிஃப்ட் ஒன்று போனால் சம்பளத்தில் 312 டாலர் போகும். ஸ்டைபெண்டையும் மணிக்கணக்கில் குறைப்பார்கள் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 415 போகும். ஆக 727 டாலர். ஆனால் வீட்டு வாடகை அந்த வாரம் ஒரு டாலர்கூடக் குறையாது.

இரண்டாவது, ரத்து விதி: மருத்துவமனை எத்தனை நாள் முன்னறிவிப்பில் உங்களை வேலையிலிருந்து நிறுத்தலாம், நீங்களாக விலகினால் என்ன அபராதம். மூன்றாவது, வேறு வார்டுக்கு மாற்றி அனுப்பும் விதி. இதை மருத்துவமனை மேலாளருடன் பேசும்போதே கேளுங்கள்: எந்தெந்த வார்டு, முதலில் அனுப்புவது டிராவல் நர்ஸைத்தானா, ஒருவருக்கு எத்தனை நோயாளிகள். கலிஃபோர்னியாவில் ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஒஹாயோவில் அப்படி எண் குறித்த சட்டம் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காவது, மருத்துவக் காப்பீடு முதல் நாளே தொடங்குமா, அடுத்த மாதம்தானா. ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குள் இரண்டு வார இடைவெளி விழுந்தால் காப்பீடு நின்றுவிடலாம். வேலை முடிந்த பிறகும் பழைய காப்பீட்டைத் தொடரவிடும் கோப்ரா திட்டத்தில் சேர 60 நாள் அவகாசம் உண்டு, சேர்ந்தால் பின்தேதியிட்டுச் செல்லும். அந்த இடைவெளியில் ஏதாவது நேர்ந்தால் இது கைகொடுக்கும்.

தீபாவளிக்கோ தங்கை கல்யாணத்துக்கோ விடுப்பு வேண்டுமென்றால் அந்தத் தேதிகள் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும். "மேலாளர் ஒத்துக்கொண்டார்" என்ற போன் பேச்சு பின்னால் நிற்காது.

ஏஜென்சிக்கு, மருத்துவத் துறையில் தரம் பார்க்கும் அமைப்பான ஜாயின்ட் கமிஷனின் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவப் பணியாளர்களை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2004 முதல் அதைத் தருகிறார்கள். ஏஜென்சி ஆவணங்களை ஒழுங்காகச் சரிபார்க்கிறது என்பதற்குத்தான் அது அடையாளம். சம்பளம் நியாயமா என்பதை அது சொல்லாது.

கேள்வி: இரண்டு ஏஜென்சியிலும் என் விண்ணப்பத்தைக் கொடுத்து வைக்கலாமா?

பதில்: பதிவு செய்து வைக்கலாம். ஆனால் ஒரே மருத்துவமனையின் ஒரே இடத்துக்கு இருவர் வழியாகவும் உங்கள் பெயர் போகக் கூடாது. போனால் ஏஜென்சிகளுக்குள் யார் ஆள் என்ற தகராறு வரும், இரண்டு விண்ணப்பத்தையும் ஒதுக்கிவிடும் மருத்துவமனைகள் உண்டு. "என்னிடம் கேட்டு, நான் எழுத்தில் சம்மதம் சொன்ன பிறகே அனுப்புங்கள்" என்று இரண்டு ரெக்ரூட்டருக்கும் மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வீட்டை ஏஜென்சியே பார்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அதுவா, நானே தேடுவதா?

பதில்: ஏஜென்சி வீடு என்றால் அலைச்சல் இல்லை. ஆனால் வேலை பாதியில் நின்றால் சில நாட்களில் காலி செய்ய வேண்டியிருக்கும், மீதி வாடகையை உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. முதல் முறை போகிறவருக்குக்கூட ஸ்டைபெண்டு வாங்கிக்கொண்டு தானே தேடுவதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. நீங்களே போடும் வாடகை ஒப்பந்தத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரியைச் சேர்க்க முடியும் என்பதுதான் காரணம்.

அந்த வரி இது: "மருத்துவமனை வேலையை ரத்து செய்தால், 14 நாள் முன்னறிவிப்போடு வீட்டை விடலாம், மீதி மாத வாடகை கிடையாது." ஃபர்னிஷ்டு ஃபைண்டர் போன்ற தளங்களில் நர்ஸுகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது புதிதல்ல, கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள். வேலையை இரண்டு வாரத்தில் மருத்துவமனை நிறுத்தலாம், வீட்டை மட்டும் மூன்று மாதம் விட முடியாது என்ற நிலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் நர்ஸுகள் அதிகம் ஏமாறும் இடம். விற்பனைக்கு வந்த வீட்டின் படங்களை எடுத்துப் பாதி வாடகைக்கு விளம்பரம் போடுவார்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், டெபாசிட்டை ஸெல் (Zelle) பணப் பரிமாற்றச் செயலியில் போடுங்கள், சாவி தபாலில் வரும்" என்பார்கள். படங்களைக் கூகுளில் போட்டுத் தேடுங்கள். அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) சொத்துப் பதிவில் முகவரியைத் தட்டி, உரிமையாளர் பெயர் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒஹாயோவில் கவுண்டி ஆடிட்டர் இணையதளத்தில் இது கிடைக்கும். பிறகு வீடியோ காலில் தெருவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: வாசல் கதவு எண் தெரிய வேண்டும், அங்கிருந்து கேமராவை அணைக்காமல் சமையலறைக்குள் வர வேண்டும். இதற்கு மழுப்பினால் அந்த வீடு வேண்டாம்.

முடிந்தால் முதல் ஒரு வாரம் அடுப்பு வசதியுள்ள எக்ஸ்டெண்டட் ஸ்டே ஹோட்டலில் தங்கி, நேரில் பார்த்துப் பேசி முடியுங்கள். ஒஹாயோவில் தொடர்ந்து 30 நாள் தங்குகிறவரிடம் தங்கல் வரி வாங்கக் கூடாது. அங்கேயே நீடிப்பதாக இருந்தால் முதல் நாளே வரவேற்பில் சொல்லி வையுங்கள்.

நேரில் பார்க்கும்போது இரவு ஷிஃப்டுக்காரருக்கு முக்கியமானது படுக்கையறை. பகல் பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். திரையை இழுத்தால் இருட்டாகிறதா, மேல்மாடியில் நாய் ஓடுகிறதா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். சமையலறையில் புகைபோக்கி விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா பாருங்கள். உள்ளேயே விட்டால் மிளகாய் வற்றல் தாளிக்கும்போதெல்லாம் புகை அலாரம் அலறும். குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் ஹீட்டர் செலவு வாடகையில் சேர்த்தியா, பார்க்கிங்கில் பனி அள்ளுவது யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஹூஸ்டனில் வண்டி ஓட்டியவர் காலை ஆறு மணிக்குப் பனிக்கட்டியில் ஓட்ட நேரும், மருத்துவமனைக்குப் பத்து நிமிடத் தூரத்துக்குள் வீடு இருந்தால் கூடுதல் வாடகை கொடுக்கலாம்.

டெபாசிட் திரும்ப வர ஒரு சிறு வேலை: காலி செய்யும்போது புதிய முகவரியை எழுத்தில் கொடுங்கள். ஒஹாயோ சட்டப்படி வீட்டுக்காரர் 30 நாளுக்குள் டெபாசிட்டையோ பிடித்தத்தின் விவரத்தையோ தர வேண்டும். முகவரியை எழுத்தில் தராதவருக்கு, அநியாயமாகப் பிடித்த பணத்துக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடும்.

கேள்வி: ஹூஸ்டன் வாடகை வீட்டை விட்டுவிட்டு, சாமான்களை அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போகலாமா? டெக்சாஸ் முகவரியில் டிரைவிங் லைசென்ஸ் இருந்தாலே போதும் என்கிறார் ரெக்ரூட்டர்.

பதில்: போதாது. ஸ்டைபெண்டுக்கு வரி இல்லை என்பதற்கே, நீங்கள் இரண்டு இடத்தில் வீட்டுச் செலவு செய்கிறீர்கள் என்பதுதான் காரணம். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். மூன்று விஷயம் பார்க்கும்: சொந்த ஊரில் வேலையில் ஒரு பகுதியாவது செய்து, அப்போது அந்த வீட்டில் தங்குகிறீர்களா, வெளியூர் வேலையால் வீட்டுச் செலவு இரட்டிப்பாகிறதா, அந்த ஊரோடு உறவை விட்டுவிடாமல் இருக்கிறீர்களா. மூன்றும் இருந்தால் ஹூஸ்டன் உங்கள் டாக்ஸ் ஹோம், அதாவது வரிக் கணக்கில் உங்கள் சொந்த ஊர். இரண்டு இருந்தால் விவரங்களைப் பொறுத்தது. ஒன்றுதான் என்றால் நீங்கள் ஊர் ஊராகச் சுற்றுபவர், ஸ்டைபெண்டு முழுவதற்கும் வரி உண்டு. வாரம் 1,246 வீதம் 13 வாரத்துக்கு 16,198 டாலர், சின்னத் தொகை இல்லை.

அக்கா வீட்டில் ஓர் அறையைச் சந்தை வாடகைக்கு எடுத்து, மாதாமாதம் வங்கி வழியாகக் கொடுங்கள். அக்கா அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். சும்மா தங்கினால் செலவு இரட்டிப்பாகாது. இப்போதைய மருத்துவமனையில் அழைக்கும்போது போகும் பி.ஆர்.என். வேலையை விடாமல் வைத்திருந்து, இடையில் வந்து ஷிஃப்ட் பாருங்கள். ஒரே பகுதியில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை நீளும் என்று தெரிந்த நாளிலிருந்து அது தற்காலிக வேலை ஆகாது, நீட்டிப்புகளை எண்ணிக்கொள்ளுங்கள். "50 மைல் தாண்டினால் போதும்" என்பது ஐ.ஆர்.எஸ். விதியே அல்ல.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. ஒஹாயோவில் உண்டு, பல ஊர்களில் நகராட்சி வருமான வரியும் சேரும். வெளிமாநிலத்தவராக அங்கே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நர்ஸிங் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம்: உங்களிடம் இருப்பது டெக்சாஸின் பல மாநில லைசென்ஸ் என்றால் ஒஹாயோவிலும் செல்லும்.

கேள்வி: என் தங்கை கோயம்புத்தூரில் நர்ஸ். அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வைப் பாஸ் செய்துவிட்டாள். நேராக டிராவல் நர்ஸாக வர முடியுமா?

பதில்: முடியாது. நர்ஸுகள் பெரும்பாலும் வரும் இ.பி.-3 என்ற கிரீன் கார்டு வழியில், ஒரு முதலாளி நிரந்தர முழுநேர வேலைக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். படிப்பையும் லைசென்ஸையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழும் வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பல வருடம் நீளுகிறது. வந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும், விலகினால் பெரும் தொகை கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கும். அந்தத் தொகையை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து. இந்தியாவில் ஆளெடுக்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே முதலில் விசாரிக்கட்டும்.